நாய்க்கு எறிந்த ஈரல்

அம்மா அதை ஒருநாளும் வலி என்று சொன்னதில்லை. வலது விலாவுக்குக் கீழே ஏதோ பாரமாக இருக்கிறது என்பார். தண்ணீர்க் குடத்தைத் தூக்கக் குனியும்போது உள்ளே ஒன்று மடங்குகிறது என்பார். இரண்டு ஆண்டுகள் இப்படியே போயின. வாயு என்று ஓமத் தண்ணீர் குடித்தார். மருந்துக் கடையில் சொல்லி அல்சர் மாத்திரை வாங்கினோம். நான்கு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது என்று தட்டை நகர்த்தத் தொடங்கினார். அப்போதும் எங்களுக்கு உறைக்கவில்லை. 2017 பொங்கல் கழிந்து ஒரு சனிக்கிழமை அவருக்கு எண்ணெய் தேய்த்துவிட்டபோதுதான் என் கையில் அது தட்டுப்பட்டது. விலா எலும்பின் விளிம்புக்குக் கீழே, வழவழப்பாக, தேங்காய் மூடியைக் கவிழ்த்து வைத்ததைப் போல ஒரு மேடு.

எங்களுடையது சிவகங்கைப் பக்கம் ஆடு வளர்க்கும் குடும்பம். அப்பா முப்பது ஆண்டுகள் கிடை போட்டவர். அறுவடை முடிந்த வயலில் இரவெல்லாம் ஆடுகளை அடைத்து வைத்தால் புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரமாகும். வயல்காரர் அதற்கு நெல்லோ பணமோ கொடுப்பார். தஞ்சாவூர்ப் பக்கம் வரை மந்தையை ஓட்டிக்கொண்டு போவார்கள். அம்மாவும் பல ஆண்டுகள் கூடவே போய் வரப்போரம் அடுப்பு மூட்டியவர். நான் படித்து அறிவியல் ஆசிரியை ஆனேன். இந்தக் குடும்ப விவரத்தை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அம்மாவின் நோய்க்கான விடை முழுவதும் இதற்குள்தான் இருந்தது. ஆனால் நாங்கள் முதலில் போன இரண்டு இடங்களிலும் யாரும் இதைக் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

ஸ்கேன் மையத்தில் கொடுத்த தாளில் ஈரலில் 11 சென்டிமீட்டர் நீர்க்கட்டி என்றும், உள்ளே தடுப்புகள் தெரிகின்றன என்றும் இருந்தது. அதைப் பார்த்த மருத்துவர், "வெறும் நீர்தான். ஊசி வைத்து இழுத்துவிடலாம். சாயங்காலமே வீட்டுக்குப் போய்விடலாம்" என்றார். புற்றுநோயாக இருக்குமோ என்று இரவெல்லாம் தூங்காமல் கிடந்த எங்களுக்கு அந்தச் சொல் பால் வார்த்தது போல இருந்தது. வியாழக்கிழமைக்கு நாள் குறித்துக்கொண்டு வந்தோம்.

புதன்கிழமை பங்காளி வீட்டில் ஒரு சாவு. நாளைத் தள்ளிப்போட்டோம். சாவுக்கு வந்த சித்தி மகள் செவிலியராக வேலை பார்ப்பவள். பந்தலில் உட்கார்ந்து அந்தத் தாளை இரண்டு முறை படித்தாள். "அக்கா, உள்ளே இருப்பது என்ன நீர் என்று தெரியாமல் ஊசி குத்த விடாதே. பெரியம்மாவை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போ" என்றாள். அவள் குரலில் இருந்த அவசரம்தான் எங்களை மறுநாளே பஸ் ஏற்றியது.

மதுரையில் எங்களைப் பார்த்த அறுவைச் சிகிச்சை மருத்துவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, ஸ்கேன் தாளைத் திறப்பதற்கு முன்பே அம்மாவிடம் கேட்டார். "அம்மா, வீட்டில் ஆடு உண்டா?"

"உண்டு தாயி. இப்போது நாற்பது உருப்படிதான் இருக்கிறது. ஒரு காலத்தில் இருநூறு."

"நாய்?"

"நாய் இல்லாத கிடை எங்கே இருக்கிறது? மூன்று கிடக்கின்றன. குட்டியில் என் மடியில்தான் தூங்கும்."

மருத்துவர் பேனாவை எடுத்து ஏதோ எழுதினார். பிறகு எங்களைப் பார்த்து, "இது ஹைடாடிட் கட்டியாக இருக்கலாம். நாயிடமிருந்து வரும் ஒரு நாடாப்புழுவின் இளம் பருவம். நல்லவேளையாக யாரும் ஊசி போடவில்லை" என்றார்.

அன்று அவர் ஒரு தாளில் வரைந்து காட்டியதை என் வகுப்பில் இன்றும் கரும்பலகையில் வரைகிறேன். எக்கினோகாக்கஸ் கிரானுலோசஸ் என்பது அந்தப் புழுவின் பெயர். வளர்ந்த புழு நாயின் சிறுகுடலில் வாழ்கிறது. நாடாப்புழு என்றதும் முழக்கணக்கில் நீளமாக நினைத்துக்கொள்கிறோம். இது ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. அரிசிக் குருணை அளவுதான். நாய்க்கு இதனால் பெரும்பாலும் ஒரு தொந்தரவும் தெரியாது. நாயின் மலத்தோடு முட்டைகள் வெளியேறிப் புல்லிலும் மண்ணிலும் கிடக்கும். மேயும் ஆடு அவற்றை விழுங்கும். ஆட்டின் குடலில் முட்டை பொரிந்து, உள்ளிருக்கும் கரு ரத்தத்தில் ஏறி ஈரலிலோ நுரையீரலிலோ தங்கி, நீர் நிறைந்த பையாக வளரும். அந்த ஆட்டை அறுக்கும்போது பையுள்ள ஈரலை நாய் தின்றால், பைக்குள் இருக்கும் நூற்றுக்கணக்கான இளம் புழுத் தலைகள் நாயின் குடலில் மறுபடியும் புழுக்களாகும். ஆட்டுக்கும் நாய்க்கும் இடையே சுற்றிக்கொண்டிருக்கும் இந்த வட்டத்துக்குள் மனிதர் தவறிப்போய் நுழைகிறார். நாயின் மயிரில் ஒட்டிய முட்டை கை வழியாக வாய்க்குப் போகிறது. கழுவாத கீரையிலும் போகலாம். ஆட்டுக்கு நடந்ததேதான் நமக்கும் நடக்கிறது. கட்டி மெல்ல மெல்ல வளர்வதால் பத்து, இருபது ஆண்டுகள்கூட எதுவும் தெரியாமல் இருக்கும். பெரும்பாலானோருக்கு ஈரலில் வரும், அதற்கடுத்து நுரையீரலில்.

அவர் வரைந்துகொண்டிருந்தபோதே எனக்கு உடம்பு கூசியது. சிறு வயதில் எத்தனையோ முறை பார்த்த காட்சி கண்ணில் நின்றது. கிழட்டு ஆடு ஒன்றை அறுத்து, அப்பா ஈரலைக் கையில் தூக்கிப் பார்ப்பார். சிவந்த ஈரலில் எலுமிச்சை அளவுக்கு வெள்ளை வெளேரென்று கொப்புளங்கள் புடைத்திருக்கும். "நீர் கோத்த ஈரல், கறிக்கு ஆகாது" என்று அந்தப் பகுதியை அரிந்து எறிவார். அது தரையில் விழுவதற்கு முன் நாய் வாயில் கவ்விக்கொள்ளும். நாங்கள் கைதட்டிச் சிரிப்போம்.

ஊசியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டில் அது நூலிழையில் தப்பிய விஷயம். ஹைடாடிட் கட்டிக்குள் இருக்கும் நீர் இளநீர் போலத் தெளிவாக இருக்கும். ஆனால் அது வயிற்றுக்குள் கசிந்தால் உடம்பு கடும் ஒவ்வாமையால் கொந்தளித்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகும் அபாயம் உண்டு. அது நேராவிட்டாலும், சிந்திய ஒவ்வொரு தலையும் விதைபோல விழுந்து வயிறு முழுவதும் புதுக் கட்டிகளாக முளைக்கலாம். ஊசியே கூடாது என்பதில்லை. முன்கூட்டியே மாத்திரை கொடுத்து, ஸ்கேனில் பார்த்தபடி ஊசியை ஈரல் தசை வழியாகச் செலுத்தி, நீரை இழுத்து, புழுவைக் கொல்லும் மருந்தை உள்ளே விட்டு, சிறிது நேரம் கழித்து அதையும் இழுத்தெடுக்கும் முறை ஒன்று உண்டு. அதைப் பழகியவர்கள், ஒவ்வாமை வந்தால் உடனே சமாளிக்கும் ஏற்பாட்டோடு செய்கிறார்கள். என்னவென்றே அறியாமல் குத்துவதுதான் ஆபத்து. அம்மாவின் கட்டிக்குள் சிறு சிறு குட்டிக் கட்டிகள் நிறைந்திருந்தன. முதல் ஸ்கேன் தாளில் 'தடுப்புகள்' என்று எழுதியிருந்தது அவற்றின் சுவர்களைத்தான். அப்படிப்பட்ட கட்டிக்கு ஊசி முறை சரிவராது, அறுவைதான் வழி என்றார்கள்.

அதே வார்டில் அம்மாவுக்கு எதிர்க் கட்டிலில் இருந்தவரின் தம்பி, ஆண்கள் வார்டில் ஈரல் கட்டியோடு படுத்திருந்தார். அவருக்குக் குளிர் காய்ச்சல், தொடமுடியாத வலி, பத்து நாளில் ஆள் பாதியாகிவிட்டார். அவருக்கும் ஒட்டுண்ணிதான், ஆனால் வேறு: என்டமீபா ஹிஸ்டோலிடிகா என்ற அமீபா. மலம் கலந்த தண்ணீரிலும் உணவிலும் வந்து குடலில் தங்கி, அங்கிருந்து ஈரலுக்கு ஏறுவது. அவர் கட்டிலுக்குக் கீழே தொங்கிய பையில் சீழ் செங்காவி நிறத்தில் வடிந்துகொண்டிருந்தது. மருத்துவ நூல்கள் அதை நெத்திலிச் சாற்றுக்கு ஒப்பிடும் என்று ஒரு மாணவர் சொன்னார். அவருக்குக் குழாய் வைத்தார்கள், மெட்ரோனிடசோல் கொடுத்தார்கள், குடலில் மிச்சமிருப்பதைக் கொல்ல வேறு ஒரு மாத்திரை கொடுத்தார்கள், இரண்டு வாரத்தில் நடந்து வீட்டுக்குப் போனார். ஒருவருக்கு உயிர் காத்த அதே குழாய் அம்மாவுக்கு எமனாகியிருக்கலாம். ஈரலில் கட்டி என்ற ஒரே பெயரில் வந்த இரண்டு பேர் அவர்கள்.

இந்தப் புழுவுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை ரத்தத்தில் தேடும் எலிசா பரிசோதனை அம்மாவுக்கு ஆம் என்று சொன்னது. அது இல்லை என்று சொன்னாலும் நோய் இருக்கக்கூடும், ஸ்கேன் படத்தைத்தான் முதலில் நம்புவோம் என்றார் மருத்துவர். சி.டி. ஸ்கேனில் நுரையீரல் சுத்தமாக இருந்தது.

அறுவைக்கு முன்பே ஆல்பெண்டசோல் தொடங்கினார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் குடற்புழுவுக்குக் கொடுக்கும் அதே மாத்திரை. அங்கே ஒன்றோடு முடியும். இங்கே 400 மில்லிகிராம் காலையும் மாலையும், மாதக்கணக்கில். ஒரு வெள்ளிக்கிழமை அம்மா விரதத்தில் வெறும் வயிற்றில் மாத்திரையை விழுங்கியதைப் பார்த்தேன். எத்தனை வெள்ளிக்கிழமை இப்படி என்று கேட்டால், எல்லா வெள்ளியும் என்றார். இந்த மருந்து கொழுப்புள்ள உணவோடு போனால்தான் ரத்தத்தில் போதுமான அளவு சேரும். வெறும் வயிற்றில் பெரும்பகுதி வீணாகக் கழிந்துவிடும். தாளில் 'உணவுக்குப் பின்' என்று மட்டும்தான் இருந்தது, காரணம் யாரும் சொல்லவில்லை. காரணம் தெரிந்ததும் அம்மா விரதத்தை மாலை ஆறு மணிக்கு மேல் நகர்த்திக்கொண்டார். காலையில் நெய்யிட்ட இட்லியோ வேர்க்கடலைத் துவையலோ, அதற்குப் பிறகு மாத்திரை. மருந்து எழுதித் தருபவரிடம் சாப்பாட்டோடு உள்ள தொடர்பு என்ன என்று வாய்விட்டுக் கேளுங்கள். எங்களுக்கு அதனால் பல வாரங்கள் போயின.

அறுவை நான்கு மணி நேரம் நடந்தது. "உறவினர் யார்?" என்று கதவைத் திறந்து கூப்பிட்டார்கள். பச்சை உடையில் ஒருவர் எஃகுத் தட்டை நீட்டினார். நுங்கின் உள்தோலை முழுதாக உரித்துச் சுருட்டி வைத்ததைப் போல வெண்மையான சவ்வு ஒன்று வழுக்கிக்கொண்டு கிடந்தது. அதைச் சுற்றிக் கொண்டைக்கடலை அளவிலிருந்து நெல்லிக்காய் அளவு வரை, கண்ணாடிபோல உள்ளே வெளிச்சம் புகும் உருண்டைகள். நாற்பதாவது இருக்கும். தட்டை லேசாகச் சாய்த்தால் உருண்டன. அப்பா ஒரு அடி பின்னால் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அந்த வெண்மையை அவர் இதற்கு முன் எங்கே பார்த்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

கட்டியைத் திறப்பதற்கு முன் அதைச் சுற்றி மிகையாக உப்புச் சேர்த்த நீரில் நனைத்த துணிகளை அடுக்கி, ஒரு சொட்டும் வெளியே சிந்தாமல் பார்த்துக்கொண்டதாக மருத்துவர் சொன்னார். ஆசிரியை என்று தெரிந்திருந்ததால், மறுநாள் ஆய்வகத்துக்கு அழைத்து நுண்ணோக்கியில் பார்க்க அனுமதித்தார்கள். கட்டி நீரின் அடியில் படியும் மணல் போன்ற துகளில் ஒரு சொட்டு. உருண்டையான ஒரு சிறு தலை, அதற்குள் வட்டமாக அடுக்கிய கொக்கிகள். ஒவ்வொன்றும் இலந்தை முள்ளைப் போல வளைந்திருந்தது. அவ்வளவு ஒழுங்காக, அவ்வளவு நேர்த்தியாக. கண்ணை எடுக்க மனமில்லை, பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை.

அதன் பிறகும் எளிதாக இல்லை. கட்டி இருந்த குழியிலிருந்து பித்தநீர் கசிந்து, குழாயை 16 நாள் வைத்திருந்தார்கள். இந்த அறுவைக்குப் பின் இது நேர்வதுண்டு என்று முன்பே சொல்லியிருந்ததால் நாங்கள் பதறவில்லை. மாத்திரை மேலும் மூன்று மாதம். நடுவில் ரத்தப் பரிசோதனையில் ஈரல் நொதிகள் ஏறி, இரண்டு வாரம் நிறுத்தித் தொடர்ந்தார்கள். அம்மாவுக்கு முடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. வயிற்றில் கத்தி வைத்ததற்குக் கலங்காதவர் சீப்பைப் பார்த்து அழுதார். மருந்தை நிறுத்திய சில மாதங்களில் முடி மறுபடி வளர்ந்தது. இந்த மாத்திரையை நீண்ட நாள் சாப்பிடுவோர் ரத்தப் பரிசோதனைத் தேதியைத் தவறவிடவே கூடாது. கருவுற வாய்ப்புள்ள பெண்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ஸ்கேனும் அறுவையோடு முடிவதில்லை. மீண்டும் முளைக்கிறதா என்று ஐந்து ஆண்டுகளாவது பார்க்கச் சொன்னார்கள். பார்த்தோம், ஈரல் சுத்தமாக இருக்கிறது.

ஒரே முற்றத்தில் ஒரே நாயோடு வாழ்ந்தவர்கள் என்பதால் எங்கள் எல்லோருக்கும் ஸ்கேன் எடுக்கச் சொன்னார் மருத்துவர். எனக்கும் தம்பிக்கும் ஒன்றுமில்லை. அப்பாவின் ஈரலில் 4 சென்டிமீட்டரில் ஒரு கட்டி இருந்தது. எங்களுக்கு மூச்சே நின்றுவிட்டது. மருத்துவர் படத்தைக் காட்டி, "சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டது. உடம்பே அதை வென்றிருக்கிறது. மருந்தும் வேண்டாம், கத்தியும் வேண்டாம். ஆண்டுக்கொரு ஸ்கேன் போதும்" என்றார். இந்தக் கட்டிகளை ஸ்கேன் தோற்றத்தை வைத்து ஐந்து நிலைகளாகப் பிரித்து, நிலைக்கேற்றபடி மருந்தா, ஊசியா, அறுவையா, வெறும் கண்காணிப்பா என்று முடிவு செய்கிறார்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி இருந்தால் எந்த நிலை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தேவையில்லாத அறுவையும் ஒரு தீங்குதான்.

சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, ஆட்டுக்கறியால் வந்த நோய் என்று பேசத் தொடங்கினார்கள். இரண்டு வீட்டில் கறி எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். கட்டியுள்ள ஈரலைத் தின்ற மனிதருக்கு இந்த நோய் வராது. நாயின் மலத்தில் வரும் முட்டை வாய்க்குள் போனால்தான் வரும். இதை எத்தனை முறை சொன்னேன் என்று கணக்கில்லை. அடுத்து, நாய்களை அடித்துக் கொன்றுவிடலாம் என்று கிளம்பினார்கள். அம்மா கட்டிலிலிருந்தே கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்தார். "அது என்ன செய்யும்? நாம் போட்டதைத் தின்றது" என்றார்.

கால்நடை மருத்துவரிடம் போனோம். நாய்க்குப் பிராசிகுவாண்டல் மருந்து. தின்ற ஈரலிலிருந்து புழு வளர்ந்து முட்டையிட ஆறு, ஏழு வாரமாகும். ஆகவே ஆறு வாரத்துக்கு ஒருமுறை கொடுத்தால் முட்டையிடும் முன்பே புழு செத்துவிடும். மருந்து புழுவைத்தான் கொல்லும், முட்டையைக் கொல்லாது. அதனால் மருந்து கொடுத்த பின் ஓரிரு நாள் நாயைக் கட்டிப்போட்டு, மலத்தைக் கையுறையோடு எடுத்து எரிக்க வேண்டும். வீட்டில் தெளிக்கும் கிருமிநாசினியை நம்ப வேண்டாம் என்றார், அந்த முட்டை அதற்குச் சாகாது. சுடு வெயிலிலும் கொதிநீரிலும்தான் சாகும். ஆட்டின் வயிற்றுக்குள் கொழுப்புச் சவ்வில் தொங்கும் நீர்ப்பைகளையும் காட்டினார். உள்ளே ஒற்றை வெள்ளைப் புள்ளியோடு இருக்கும். அது வேறொரு நாடாப்புழு, மனிதரைத் தொடாது. ஆனால் இது எது, அது எது என்று கிடையில் நின்று பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், எந்தப் பையையும் நாய்க்குப் போடாதீர்கள் என்றார். போட்டே ஆக வேண்டுமென்றால் ஈரலையும் நுரையீரலையும் அரைமணி நேரம் கொதிக்க வைத்துப் போடச் சொன்னார்.

இவ்வளவுதான் தேவை என்பதை நம்ப முடியாமல் தேடிப் படித்தபோது ஐஸ்லாந்தைப் பற்றித் தெரிந்துகொண்டேன். ஆடும் நாயும் மனிதரும் நெருங்கி வாழ்ந்த அந்தத் தீவில் 19ஆம் நூற்றாண்டில் இந்த நோய் வீட்டுக்கு வீடு இருந்தது. ஹரால்ட் கிராபே என்ற ஆய்வாளர் 1863இல் அங்கே போய் நாய்களின் குடலை ஆராய்ந்தார். அவர் எழுதிய சிறு நூலை அடுத்த ஆண்டே மக்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். 1869இல் நாய்களைப் பற்றிச் சட்டம் வந்தது. கட்டியுள்ள உறுப்பை நாய்க்கு எட்டாமல் அழிப்பது கடமையானது. தலைமுறைகள் ஆயின, ஆனால் நோய் அங்கிருந்து போய்விட்டது. படிக்கத் தெரிந்த மேய்ப்பர் கையில் ஒரு சிறு நூல் போய்ச் சேர்ந்திருக்கிறது. எனக்கு அதுதான் மனதில் நின்றது. எங்கள் பக்கத்துக் கிடைகளுக்காக ஒரு பக்கத் துண்டறிக்கை எழுதி, பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பினேன். அதில் மூன்றே வரி தடித்த எழுத்தில் இருந்தது: பை விழுந்த ஈரலைப் புதையுங்கள். நாயைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சோற்றில் கை வையுங்கள். வயிற்றில் கட்டி என்றால், மருத்துவர் கேட்காவிட்டாலும் உங்கள் ஆட்டையும் நாயையும் பற்றிச் சொல்லுங்கள்.

சென்ற மாசியில் குலசாமி கோயிலில் கிடா வெட்டு. பதினோரு கிடாய்கள். ஆலமரத்தடியில் அரிந்துகொண்டிருந்த அப்பா ஒரு ஈரலைத் தூக்கி வெயிலில் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் விரல்நுனி அளவில் ஒரே ஒரு வெள்ளைக் கொப்புளம். எங்கள் மணி நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு வாலை ஆட்டி நின்றது. அப்பா அதைப் பார்க்காமல் தம்பியைக் கூப்பிட்டார். தம்பி காலையிலேயே இடுப்பளவுக்குக் குழி வெட்டி வைத்திருந்தான். ஈரலை உள்ளே போட்டுச் சுண்ணாம்பு தூவி, மண்ணைத் தள்ளி மிதித்து, நாய் தோண்டாதபடி மேலே கருவேல முள்ளை இழுத்துப் போட்டார்கள். அம்மா வெந்த கறித் துண்டு ஒன்றை இலையில் வைத்து மணியின் முன்னால் தள்ளிவிட்டு, எழுந்து குழாயடிக்குப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார்.